காலை இழுக்கும் ஆட்டம்

கனடாவின் அஜக்ஸ் நகரில் மகளின் நடன வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் 'மலைவாழ் மக்கள் நடனம்' பழகுகிறார்களாம். டீச்சர் ஏதோ வீடியோவைப் பார்த்துப் பிடித்தது. ஸ்பீக்கரில் மூங்கில் குழல் ஒலித்தது. பிள்ளைகள் வட்டமாகச் சுற்றி வந்து, இடது காலைத் தரையில் சரக்கென்று இழுத்தார்கள்.

அது எங்கள் ஊரின், இருளர் பதியின் ஆட்டம். நோன்பன்று குழல் ஓயும்வரை வட்டம் உடையக்கூடாது. உடைந்தால் சாமி இறங்காது. நான் சிறுமியாக இருந்த ஒரு வருடம், ஆட்டத்தின் நடுவே காட்டிலாகாக்காரர்கள் புகுந்தார்கள்.

"குழலுக்கு எவன்டா மூங்கில் வெட்டுனது? நிறுத்துங்கடா!"

ஊதிக்கொண்டிருந்த அப்பா நிறுத்தவில்லை. லத்தி அவர் வாயில் விழுந்தது. உடைந்த பல்லோடு, குழலின் துளைகளில் ரத்தம் வழிய வழிய ஊதினார். ஆடிக்கொண்டிருந்த அம்மாவின் இடது முழங்காலில் ஒருவன் ஓங்கி அடித்தான். முறிந்த சத்தம் மத்தளத்தை மீறிக் கேட்டது. அம்மா விழவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். அவளைத் தனியாக நொண்ட விடாமல், பின்னால் வந்த பெண்களும் காலை இழுத்தார்கள். அவர்கள் முதுகில் லத்திகள் விழுந்துகொண்டே இருந்தன. வட்டம் உடையவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நோன்பிலும் அப்படித்தான் ஆடினோம்.

பாட்டு முடிந்தது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான டீச்சர் வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"உந்தக் காலை இழுக்கிற ஸ்டெப்தான் அக்கா நல்ல வடிவு. உது எங்கையிருந்து வந்ததெண்டு தெரியுமோ?"

"எங்கம்மா முழங்கால்ல இருந்து" என்றேன்.