பூங்காவனம் அக்காவும் குப்பனூர் இறக்கமும்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. ஏற்காடு மலையில் உள்ள கொட்டச்சேட்டிலிருந்து ராஜமாணிக்கம் மாமா. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இரண்டு முறை சேலத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அந்த வீட்டிலிருந்து போன் வந்தாலே அவருக்குத்தான் ஏதோ என்று நினைப்பேன். பேசுவது அவரே என்றதும் நிம்மதியாகிவிட்டது. "சேகரு, இன்னிக்கு ஆசுபத்திரி போவோணும். உங்கக்கா எந்திரிக்க மாட்டேங்குறா" என்றார். பிறகு, "ஒடம்பு சில்லுன்னு இருக்குது கண்ணு" என்றார்.

அவர் மனைவி பூங்காவனம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். போகப் போகிறவர் என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்த மாமா வாசலில் உட்கார்ந்திருக்க, அவரைத் தூக்கிச் சுமந்தவர் உள்ளே படுத்திருந்தார். என்ன நியாயமோ இது, எனக்குப் புரியவில்லை. இதை எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. காரியத்துக்கு வந்த உங்களில் பாதிப் பேர் அக்காவின் வேனில் ஒருமுறையாவது சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள். உங்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. ஏற்காட்டில் என் ஒர்க்ஷாப்புக்கு வண்டி கொண்டுவருகிறவர், அவ்வளவுதான். ஓர் எஸ்டேட் பங்களாவில் விருந்தாளிகளை ஏற்றி இறக்க வைத்திருந்த பெரிய பெட்ரோல் வேனை அவர்கள் கழித்துக் கட்டியபோது வாங்கினார். வாங்க வேண்டாம் என்று சொன்னேன். "பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தா இவரு வாந்தி எடுக்குறாரு கண்ணு. படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவோணும், எனக்குப் பெரிய வண்டிதான் வேணும்" என்றார். சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

ஒரு நாள் டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது சேலத்திலேயே இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். உள்ளே எல்லாம் போயிருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. "விபத்துல நசுங்குன டீசல் வண்டி ஒண்ணு பழைய இரும்புக் கடையில கெடக்குதாம். முன்னாடி ஒண்ணும் அடிபடலையாம். அந்த இன்ஜின எடுத்து இதுல வெச்சுரலாமுங்களா?" என்றார். "என்ன அக்கா, வளையல் மாத்துற மாதிரி சொல்றீங்க!" என்று கத்தினேன். அதற்குள் அவர் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடமே கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். சேலத்தில் லேத் வைத்திருக்கும் ஒரு நண்பனின் ஷெட்டில் வேனைப் போட்டோம். டீசல் இன்ஜின் பழையதைவிட உயரம், கனமும் அதிகம். சீட்டுக்கு நடுவிலிருந்த மூடியை உயர்த்தி, புதிய தாங்கிகள் வெல்டிங் செய்து, முன்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு கூட்டி, ரேடியேட்டரைப் பெரிதாக்கி, பின்சக்கரத்தைச் சுழற்றும் நீள இரும்புத் தண்டை அறுத்துக் குறைத்து... இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க அலைந்தது தனிக்கதை. அத்தனை நாளும் மாமாவை அக்கா பஸ்ஸில்தான் கூட்டி வந்தார். மடியில் அவர் தலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு நேரே ஷெட்டுக்கு வருவார். "எப்பத்தான் முடிப்ப சாமி?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரும்புக் கடைக்காரர் அந்த இன்ஜினின் ஆல்டர்னேட்டரை, அதாவது பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கிறதை, ஏற்கெனவே கழற்றி வேறு யாருக்கோ விற்றிருந்தார். "நம்ம பழைய பெட்ரோல் இன்ஜினோடது நல்லாத்தான இருக்குது, அதையே மாட்டுங்க" என்றார் அக்கா. மாட்டினோம். விளக்கு எரிந்தது, பேட்டரி ஏறியது. பிரேக் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பிரேக் கட்டை புதிது, நாலு நாள் ஓடினால் இளகிவிடும் என்று இருவரும் எண்ணிக்கொண்டோம். மலையில் வண்டி வைத்திருக்கிறவன் கேட்கும் ஒரே கேள்வி "ஏறுமா?" என்பதுதானே. எங்கள் புத்தி முழுக்க அதிலேயே கிடந்தது. மலையடிவாரத்துக் குப்பனூரிலிருந்து சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வந்தோம். அம்மாடி, என்னமாய் ஏறியது! கொட்டச்சேட்டில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சர்க்கரைப் பொங்கல் வைத்து, எனக்கு மாலையே போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் முதல் இறக்கம். மாமா பின்சீட்டில் படுத்திருந்தார். நான் முன்னால். இரண்டு வளைவு தாண்டியதும் அக்காவின் முகம் மாறியது. மிதிக்கிறார், மிதிக்கிறார், பெடல் கல் மாதிரி நிற்கிறது. வண்டி நிற்கவில்லை. அக்கா கத்தவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், கைபிரேக். வண்டியை மண் கரை ஓரமாக உரசவிட்டு நிறுத்தினார். "ஏன் பூங்கா நிறுத்திட்ட?" என்றார் மாமா. "சித்த காத்து வாங்கலாமுன்னுங்க" என்றார் அக்கா.

டீசல் இன்ஜினில் பிரேக்குக்கு வலுக் கொடுக்கிற சின்னப் பம்பு ஒன்று அதன் சொந்த ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு அது வேண்டியதில்லை. இன்ஜின் இழுக்கிற காற்றே போதும். பழைய ஆல்டர்னேட்டரை மாட்டிய நாங்கள் பம்பு இல்லாமலே மலையேறியிருக்கிறோம். ஏறும்போது பிரேக்கை யார் தொடுகிறார்கள்?

அக்கா சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்னால் வந்த பஸ்ஸை மறித்து மாமாவையும் என்னையும் ஏற்றிவிட்டார். "எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும் சேகரு, இவருக்கு ஒரு நாளு தவறக் கூடாது" என்றார். டயாலிசிஸ் மெஷினை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பம்பு வைத்த ஆல்டர்னேட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு மாமாவோடு சாயங்காலம் திரும்பியபோது அக்கா அதே இடத்தில், ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எனக்கு மானம் போயிற்று. "அவங்களும் இன்ஜின் மாத்துவாங்கல்ல கண்ணு" என்றார். பிறகு சொன்னார்: "ஏறுறத ஊரே நின்னு பாக்கும். எறங்குறத நாமதான் பாத்துக்கோணும்."

அதற்குப் பிறகு எந்த வண்டியைக் கண்டாலும் அக்காவின் கேள்வி அதுதான். ஸ்டாண்டில் யாராவது புதிய வண்டி கொண்டுவந்து ஜம்பமாக நின்றால், சுற்றிப் பார்த்துவிட்டு, "நொம்ப நல்லாருக்குதுங்க. எறங்குமா?" என்பார். பையன்கள் அவர் தலை மறைந்ததும் சிரிப்பார்கள். ஆனால் வண்டி எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை பெடலை மிதித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் கொட்டச்சேட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை தவறியிருந்தது. மாமாவின் முகமும் காலும் ஊதியிருந்தன. கிளம்புங்கள் என்றேன். "போதும் சேகரு. இழுத்துப் புடிச்சவளே போயிட்டா. ஊட்டுல இப்படியே கெடக்குறேன், உடு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உடம்பும் மனசும் ஓய்ந்து போயிருந்தவன், துக்க வீடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "எங்கக்கா அந்த வண்டிய எதுக்கு வாங்குனாங்க? எதுக்கு மலைப் பாதையில நாள் முழுக்கக் காவல் உக்காந்திருந்தாங்க? ஒரு நாளு தவறக் கூடாதுன்னு என்கிட்டதான் சொன்னாங்க, உங்ககிட்ட இல்ல!" சொல்லிவிட்டு அழுதேன். மாமா எழுந்து, சுவரில் மாட்டியிருந்த அக்காவின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்தச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஒர்க்ஷாப்பைச் சாத்திவிட்டுக் கொட்டச்சேட்டுக்குப் போகிறேன். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. எனக்கும் முதுகு வலிக்கிறது, வயதாகிறது. சாவி கைக்கு வந்த அன்று இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மாமா பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஏன் கண்ணு, எறங்குமா?" என்றார்.

பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நிற்காமல், காலுக்குக் கீழே மெத்தென்று இறங்கியது.

"எறங்குமுங்க மாமா" என்றேன்.