சத்து மாத்திரை என்று கொடுத்தது

லிஃப்ட் பழுது பார்ப்பதில் இருபத்தெட்டு வருட அனுபவம் அவருக்கு. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் குழிக்குள் கால் வைப்பார். யார் வந்து "அணைச்சாச்சு அண்ணே" என்றாலும் நம்பமாட்டார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் அந்தப் பேச்சே கிடையாது. மனைவி நீட்டியதைக் குடிப்பார், கொடுத்ததை விழுங்குவார்.

ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு துவண்டது. ஆண் ஹார்மோன் குறைந்திருப்பதாகச் சொல்லி டாக்டர் ஊசி எழுதினார். சோர்வு விலகியது. படுக்கையில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடை வைத்திருந்த மச்சினன் ஒரு காகித உறையை நீட்டினான். ஊசியோடு தினம் ஒன்று போட்டால் தெம்பு வரும், வெறும் சத்து மாத்திரைதான் என்றான்.

இரண்டு வாரத்தில் முப்பது வயது திரும்பி வந்தது. உடம்பு தானாகவே தேறிவிட்டது என்று நினைத்தார். வேலையில் சீட்டியடித்தார். மாதக்கணக்கில் பார்க்கத் தயங்கிய மனைவியின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் ஆறாவது மாடியில் அவருக்கு நெஞ்சு இறுகியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு நின்றாள். பக்கத்தில் மனைவி. விறைப்புக்காக ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம்.

"அதெல்லாம் எனக்குத் தேவையே இல்ல சார்" என்றார் அவர். அந்த வலியிலும் குரலில் ஒரு பெருமை.

நர்ஸ் குனிந்தாள். மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வைக்காதீங்க. அவர் போட்டுக்கிட்டுதான் இருக்காரு. அவருக்குத் தெரியாது."

வேறு மருந்து கொடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, ஊசியால் ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. மறுநாள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஊசியும் அந்த மாத்திரையும் சேர்ந்து போவதில் தவறில்லை. ஆனால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். ரத்தத்தின் அடர்த்தியையும் பிரஷரையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

அவர் காதில் பாதிதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்த மச்சினன், "எப்படி இருக்கீங்க மாமா?" என்று சிரித்த சிரிப்பு இப்போது புரிந்தது. அவர் தலை நிமிர்ந்து நடந்த ஒவ்வொரு நாளும் அக்காவுக்கும் தம்பிக்கும் அதன் காரணம் தெரிந்திருக்கிறது.

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சத்து மாத்திரைன்னு குடுக்கச் சொல்லி நான் அவன்கிட்ட சொன்னேன்" என்றாள் மனைவி.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே."

அவள் கட்டில்மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள்.

ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம், இதயப் பரிசோதனை சரியாக வந்தால் இரண்டையும் தானே அளவாக எழுதித் தருவதாகச் சொன்னார் டாக்டர். போட்டுக்கொள்ள விருப்பமா என்றும் கேட்டார்.

"யாருக்காகப் போடணும்னு யோசிச்சுட்டு வரேன் சார்."

மனைவி மடித்த துண்டையே மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.