தாடை இறங்கிய கணக்கு

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் வில்ஃப் டாப்ஸனுக்கு முப்பது வருஷ வேலை. சும்மா சொல்லக் கூடாது, மீன் அறுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதாகியும் மனுஷனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லியே ஊரை ஏமாற்றிவிட்டார். அவரிடம் கண்ணாடியே கிடையாது! வீட்டுக் கடிதங்களை மனைவி ஐவிதான் வாசித்துச் சொல்வாள்.

எழுபத்தாறு டிசம்பரில் ஐவி வயிற்று வலியோடு படுத்தாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் அவளே பிரித்து வாசித்தாள்.

"வெறும் புண்ணுதானாம். நல்லா ஓய்வு எடுக்கணுமாம். வசந்த காலத்துக்குள்ள சரியாயிடுமாம்."

வில்ஃபுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படுத்துக் கிடப்பவளை இனியும் தொல்லைப்படுத்துவதா என்று, அவளுக்குத் தெரியாமல் நூலகத்துப் பின்னறையில் நடந்த முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியை தெல்மா ஒரு வித்தை காட்டினாள். தாடைக்கு அடியில் புறங்கையை வைத்து வார்த்தையை மெல்லச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ, வார்த்தையில் அத்தனை துண்டு.

"முழு மீனை ஒரே வாயில முழுங்குவீங்களா வில்ஃப்? துண்டு போடுங்க!"

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு. ஐவிக்குத் தேநீர் வைத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்தார். நல்ல சேதி உள்ள கடிதம் அது ஒன்றுதானே.

"அதை ஏன் எடுத்தே கிழவா? உள்ள வை."

"பேசாம கேளு. ஒரு வேடிக்கை காட்டுறேன்."

சின்ன வார்த்தைகளைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். பெரிது ஒன்று குறுக்கே நின்றது. புறங்கை தாடைக்கு அடியில் போனது.

"இன்... ஆப்... அர்... அ... பிள். பாத்தியா! அஞ்சு துண்டு, ஒரு தப்பு இல்லை!"

இனாப்பரபிள். கத்தி வைத்தும் பயனில்லை என்பதற்கு டாக்டர்கள் எழுதும் வார்த்தை. வில்ஃபுக்கு அது தெரியாது. ஐவி முகத்தில் ஈயாடவில்லை.

அதே உற்சாகத்தில் அடுத்த வரிக்குப் போனார். அதில் எல்லாமே சின்ன வார்த்தைகள். துண்டு போட வேண்டிய தேவையே இல்லை. மூன்று மாதம், அதற்கு மேல் இல்லை என்று இருந்தது.

வாய்விட்டு வாசிக்கவில்லை. கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு இது சரிப்பட்டு வராது போலிருக்கு. நீயே வாசி."

ஐவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"நல்லா ஓய்வு எடுக்கணுமாம். வசந்த காலத்துக்குள்ள சரியாயிடுமாம்."

"ஆமா, சரியாயிடும்" என்றார் வில்ஃப். புறங்கை தாடைக்கு அடியிலேயே இருந்தது.