கூடைக்கயிறு கிடந்த இடம்

இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. அப்போது ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்ததுகூடப் பரவாயில்லை. முன்னுச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணூறு என்றார்கள்; புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயம் தேய்த்துப் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னைப் பதுளைக்குக் கூட்டிப்போனார். மருந்துச் சரக்கு விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், முக்காட்டை விலக்கச் சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளை பெத்தா முடி கொட்டும் தங்கச்சி. கொஞ்ச நாள்ல தானா நிக்கும். ஆனா இந்த முன்பக்கம் எதனாலன்னு எனக்கு வெளங்கல. தெரியாததுக்கு மருந்து தர மாட்டேன்."

வெறும் தேங்காயெண்ணெய் பூசி, கீரையும் பயறும் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா. மறுநாள் மலையில் நான் கூடையை முதுகில் ஏற்றிக் கயிற்றைத் தலைக்கு மேல் இழுத்தபோது, பக்கத்து நிரையில் நின்றவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அசையாத புள்ள. கயிறு அந்த எடத்துலதான் கெடக்கு."

பிறகு மெல்லத் தன் தலைத்துண்டை அவிழ்த்தார். அவருக்கும் அதே இடம், என்னைவிட அகலமாக, வழவழவென்று இருந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை.

"பிள்ளை இல்லாத தோஷம்னு நெனச்சேன். என் புருஷனுக்குக்கூடக் காட்டல," என்றார். கொழுந்து கிடக்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானச் சோற்று நேரத்தில் மற்றவர்களிடமும் சொன்னோம். வெட்கப்பட்டுக்கொண்டே ஏழு பேர் முக்காட்டை விலக்கினார்கள். ஐந்து பேருக்கு அந்தத் தடம் இருந்தது.

அன்றிலிருந்து பழைய சாக்கை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்தோம். கயிற்றை ஒரு நாள் முன்னுக்கும் ஒரு நாள் பின்னுக்கும் மாற்றிப் போட்டோம். கொண்டையைத் தளர முடிந்தோம். கங்காணி முதலில் முறைத்தார். நிறுவையில் கொழுந்து குறையாததால் விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் எனக்குப் பூனைமுடிபோல முளைத்துப் பிறகு தடித்தது. மதினிக்கு முளைக்கவில்லை. ஆனாலும் தைப்பொங்கலன்று, கல்யாணமான நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, முக்காடு இல்லாமல் வாசலில் உட்கார்ந்து என்னைத் தன் தலையைச் சீவிவிடச் சொன்னார்.