இருநூறு அடிக்குக் கீழே

கைப்பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் உதிர விட்டுப் பார்க்கிறார் காஸ்பர். மணல் சாலைப் பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. "கடக்காத்து. அப்ப பிளேனு இந்தப் பக்கம்தான் ஏறும்" என்கிறார், தனக்குத்தானே. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் விற்பவர்களுக்கும் பலூன் சுடுபவர்களுக்கும் நடுவே இந்தக் கவலை அவர் ஒருவருக்குத்தான்.

வயது நாற்பத்தாறு. சாந்தோம் பங்குக் குடும்பம். அப்பா, அத்தை, இரண்டு அண்ணன்கள் எல்லோரும் வாத்தியார்கள். இவர் மட்டும் கல்யாணங்களுக்கு ட்ரோன் பறக்கவிடுகிறார். சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் காவல் நிலைய அனுமதிக் கடிதம். கைப்பேசியில், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் ஒரு வரைபடம்: மீனம்பாக்கத்தைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு வெளியே மஞ்சள், இங்கே கடலோரம் வந்தால் பச்சை. பச்சையிலும் இருநூறு அடிக்கு மேல் கூடாது. காலையில் பார்த்த வரைபடத்தை மாலையில் நம்பமாட்டார்.

என் மாமா பெண் அனுப்ரியாவின் கல்யாண வரவேற்பில்தான் அவரை முதலில் பார்த்தேன். ட்ரோன் மேலே போய் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எங்கோ ஓர் உறுமல் கேட்டதும் இறக்கிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா சுயம்புலிங்கம், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னவே, பட்டம் விடுத பிள்ளைய கூட இதவிட ஒசக்க விடுதுவ. நீரு தரையில வச்சுக் காவல் காக்கீரு?"

"மேல நூத்தி எம்பது பேரு பெல்ட்டு போட்டுகினு போறாங்க அண்ணாச்சி. அதுல பாதிப் பேரு உங்க கடைக்குத் துணியெடுக்க வராங்களோ இன்னாவோ. போவட்டும், அப்பால காட்றேன்."

பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ராட்டர்டாமிலிருந்து வரும்போது, இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி கீழே பார்ப்பவன் நான். கீழேயிருந்து ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

காஸ்பரின் மனைவி நோரா மஸ்கட்டில் நர்ஸ். ஒன்பது வருடமாகிறது. வருடத்துக்கு இருபத்தெட்டு நாள் விடுப்பு. "போவும்போது மீன் கொழம்பு வெச்சிட்டுப் போவா. பிரிட்ஜுல நாலு நாளு வரும். அது தீர்றவரைக்கும் அவ போவலன்னு வெச்சிக்குவேன்."

முதல் தடவை நோரா கிளம்பியபோது, பட்டினப்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் அடுக்ககத்தில், பன்னிரண்டு மாடிக்கு மேலிருந்த மொட்டைமாடியிலிருந்து ட்ரோனை ஏற்றியிருக்கிறார். இருநூறு அடி என்று அளவும் வைத்தார். ட்ரோன் தான் எழும்பிய இடத்தைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். அடியிலிருக்கும் கட்டடம் அதன் கணக்கில் வராது. திரையில் நோராவின் விமானம் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. சந்தோஷத்தில் அந்தப் படத்தை நோராவுக்கு அனுப்பவும் செய்தார். லிஃப்ட் பழுது. படியிறங்கிக்கொண்டே மாடிகளை எண்ணியபோதுதான் உறைத்தது.

"பன்னெண்டு மாடிய மறந்துட்டேன் சார். முன்னூறுக்கு மேல போயிருக்குது. அந்த பிளேன்ல அவ ஒக்காந்துகினு கீறா."

படத்தை அழித்துவிட்டார். நோராவையும் அழிக்கச் சொன்னார். நோரா இன்னும் அழிக்கவில்லையாம்.

இன்று நோரா திரும்பிப் போகிறார். மூன்று மணிக்கே விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேராகக் கடற்கரைக்கு வந்திருக்கிறார் காஸ்பர். கல்யாண வீடியோவை வாங்கிப்போக வந்த நான், பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டும் கிளம்பாமல் நிற்கிறேன். அவர் கைப்பேசி அடிக்கிறது. ஸ்பீக்கரில் நோரா.

"ஏறி ஒக்காந்துட்டேன். வலது பக்கம், ஜன்னல் சீட்டு. இந்தவாட்டியாவது அந்த ட்ரோன் லைட்ட ஒசத்துய்யா, நான் பாக்கறேன். ஒம்போது வருசமா கேட்டுக்கினு கீறேன்."

காஸ்பர் பெட்டியைப் பார்க்கிறார். ட்ரோன் உள்ளே மடங்கிக் கிடக்கிறது.

"பச்ச லைட்டு ஒண்ணு மினுக்கும். பாரு."

"எவ்ளோ ஒசரம் உடுவ?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

"டேஞ்சர் இல்லியே?"

"நீ மொதல்ல பெல்ட்ட போடு."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் உறுமல் கேட்கிறது. காஸ்பர் ட்ரோனை வெளியே எடுக்கிறார். சுழன்று அதைத் தூக்கும் நான்கு இறக்கைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டைப் பையில் அனுமதிக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். பொத்தானை அழுத்துகிறார். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. அடையாறு முகத்துவாரத்துக்கு மேலே விமானம் தெரிந்ததும், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணல்மேட்டில் ஏறி, இரண்டு கைகளாலும் ட்ரோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, குதிகால் தரையில் படாமல் நிற்கிறார்.