மேரி அக்கா மிதிக்காத கால்மிதி

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அஸ்தினாபுரத்தில் செல்வியின் வாடகை வீட்டைக் களப் பணியாளனாகப் பார்வையிடப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தபோது மூன்று வயது மகள் யாழினி தனியாக மெயின் ரோடுவரை போய்விட்டாள். போலீஸார் அவளைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். நீதிமன்ற அதிகாரம் உள்ள அந்தக் குழு யாழினியைக் குழந்தைகள் இல்லத்தில் தங்கவைத்திருந்தது. வீடு பாதுகாப்பானது என்று நான் அறிக்கை கொடுத்தால் வெள்ளிக்கிழமை விசாரணையில் மகள் கிடைப்பாள்.

புதுத் திரைச்சீலை, பெரிய டிவி, வாசலில் பூப்போட்ட கால்மிதி. செல்வி பகல் ஷிப்டுக்கும் மாறியிருந்தாள். அந்நேரம் குழந்தைக்கு அங்கன்வாடி. எனக்குத் திருப்தி.

பக்கத்து வீட்டு மேரி அக்கா எட்டிப்பார்த்தார்.

"இன்னா செல்வி, சார் இன்னும் போவலையா? வூட்டுக்காரரு மேட்ச் பாக்கணும்னு ஒரே பேஜாரு. டிவிய எடுத்துக்கினு போறேன்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிரிப்பை அடக்கினேன். டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போன மேரி அக்கா, கீழே பாராமலே கால்மிதியை விட்டு ஒதுங்கி நடந்தார்.

"அத ஏம்மா மிதிக்கல?"

"அங்க யாரு சார் மிதிப்பா? கீழ சம்ப் கீது!"

கால்மிதியைத் தூக்கினேன். உளுத்துப்போன பலகை. அடியில் தொட்டி நிறையத் தண்ணீர்.

"ஓனராண்ட எத்தினி வாட்டி சொல்லிட்டேன் சார். இத எழுதுனா பாப்பாவ தர மாட்டாங்களே!" என்று செல்வி அழுதாள்.

எழுதினேன்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி படித்துவிட்டுக் கேட்டார்: "மூடி போட வேண்டியது ஓனர். அம்மாவ ஏன் காக்க வைக்கணும்? அவரக் கூப்பிடுங்க."

அடுத்த விசாரணைக்கு ஓனர் வெள்ளை வேட்டியில் வந்து, செல்போனில் புது இரும்பு மூடியின் படத்தைக் காட்டினார்.

"யானை நின்னாலும் தாங்கும் மேடம்."

"யானை வேணாம். எங்க சார் நின்னு பாக்கட்டும்."

போய் நின்று பார்த்தேன். தாங்கியது. யாழினி வீடு திரும்பினாள்.

மறுமாதம் மறுபடி பார்வையிடப் போனபோது அவள் அந்த மூடிமேல் டங்டங்கென்று குதித்துக்கொண்டிருந்தாள். மேரி அக்கா பழக்கம் விடாமல் ஒதுங்கியே போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டார் காட்டுவதைப் பாருங்கள், பிறகு அவர்கள் எங்கே ஒதுங்கி நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். குழந்தைக்கு ஒதுங்கத் தெரியாது.