தங்கை துடைத்து வைத்த கடிகாரம்

எங்கள் ஏலக்கடை மதிப்பீட்டாளருக்கு நாங்கள் வைத்த பெயர் நொட்டை. குறை சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் மனிதர் சம்பளமில்லாத நேரத்திலும் சும்மா இருக்கமாட்டார். நான் ஓட்டும் வேனில் அவருக்குக் கியர் முனகும். பிறந்த குழந்தையைக் காட்டினால்கூடக் காது கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அவருடைய தங்கை, தன் மகனின் வீட்டில் இருந்தார். இருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில், அவ்வளவுதான். அண்ணனான நொட்டையும் தன் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்ததால் கூட்டிப்போக வழியில்லை. கணவர் விட்டுப்போன பழைய அமெரிக்கக் கடிகாரத்தை விற்று, தனியாக ஓர் அறை பிடிப்பதென்று அந்தம்மாள் முடிவு செய்திருந்தார்.

அதைப் பார்க்க என் வேனில் போகும் வழியெல்லாம் நொட்டைக்கு வாய் ஓயவில்லை. "மச்சான் இருந்தப்ப பாத்தது. பெட்டிக்குள்ள செஞ்சவன் பேரு போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். கதவுக் கண்ணாடியில கையால வரைஞ்ச படம். அந்த ரெண்டுக்குத்தான்பா விலையே. அவ பொழச்சுக்குவா." அவர் ஒரு பொருளைப் புகழ்ந்து அன்றுதான் கேட்டேன்.

கடிகாரம் புது வார்னிஷில் பளபளத்தது. அவர் முகம் அப்போதே செத்துவிட்டது. கதவுக் கண்ணாடியில் படத்தைக் காணோம். கழுவின தட்டு மாதிரி இருந்தது. கதவைத் திறந்து டார்ச் அடித்தார். பித்தளைச் சக்கரங்கள் நன்றாகவே இருந்தன. பின்பலகை வெறும் பலகை.

"காகிதம் எங்கம்மா?"

"வெந்நி வச்சு சொரண்டி எடுத்துட்டேன். நீதானேண்ணே அன்னிக்கு சொன்ன, காகிதம் கிழிஞ்சிருக்கு, படம் உதிர்ந்திருக்குன்னு? இந்தத் தடவையாவது நீ நொட்டை சொல்லக்கூடாதுன்னு பாத்துப் பாத்து துடைச்சேன்." அந்தம்மாள் சிரித்தார்.

நொட்டை பொய் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்க" என்றார். அந்தப் பாராட்டே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கையின் சிரிப்பு நின்றது.

"ரூம் பிடிக்கத் தேறாதா?"

"ரெண்டு மாச வாடகைக்குக்கூட வராதும்மா."

அந்தம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மருமககிட்ட காலையிலதான் எல்லாத்தையும் கொட்டிட்டேண்ணே. உன் வீடும் வேணாம், உன் சோறும் வேணாம், நான் போறேன்னு சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ராத்திரி தட்டெடுத்துட்டுப் போய் நிப்பேன்?"